ஓட்டைத் தூக்கினால் ஓட்டை தெரியும்

காலை நேர வானொலி நிகழ்ச்சி படைப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தூக்கம். வாரம் முழுக்க விடியற்காலை நாலரைக்கு எழும் எனக்கு, ஞாயிறன்று ஏழு மணிக்கு யார் போன் செய்தாலும் அன்றைக்கு அவர் எதிரிதான். போன மாதம் அப்படி எதிரியானவர் என் அண்ணன்.

"இன்னிக்குத் தூக்கறோம். ஒரு ஆள் குறையுது. சீக்கிரம் வா."

தூக்கப் போவது பீரோவையோ பந்தல்காலையோ அல்ல. அப்பாவின் காடியை. சரியாகச் சொன்னால், காடியின் மேல் பாதியை மட்டும்.

அது 1972ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டல். மலாய்க்காரர்கள் 'கூரா' என்பார்கள், அதாவது ஆமை. கிள்ளானில் எங்கள் தாமானில் அண்ணனுக்கும் எனக்கும் பெயரே 'ஆமைக் காடி வீட்டுப் பிள்ளைங்க'தான். அப்பா அதை 1986இல் இரண்டாம் கையாக வாங்கினார். நான் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். 2004இல் ஒரு புரோட்டோன் வந்து சேர, ஆமை கார் நிறுத்துமிடத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அதற்குப் பிறகு அதன் அடியில் மூன்று தலைமுறைப் பூனைகள் குடும்பம் நடத்தின.

அந்தக் காடியைப் பற்றி எனக்கு இரண்டு நினைவுகள் அழுத்தமாக உண்டு. ஒன்று, வெயிலில் நின்றிருந்தால் உள்ளே வரும் தார் வாசனை. எல்லா வோக்ஸ்வேகனும் அப்படித்தான் மணக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, அம்மாவின் சட்டம். பின்சீட்டில் அண்ணனும் நானும் இடது பக்கம்தான் நெருக்கி உட்கார வேண்டும். வலது பக்கம் சந்தைப் பைகளுக்கு. பை இல்லாத நாளிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அழுது பார்த்தாலும் நடக்காது.

இந்த வண்டிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது. கடைசி வண்டி மெக்சிகோவின் புவேப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து 2003 ஜூலை 30ஆம் தேதி வெளிவந்தது. மொத்தம் இரண்டு கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். நம் ஷா ஆலமிலும் ஒரு காலத்தில் இதைப் பொருத்தினார்கள். அதனால்தான் நம் அப்பாக்கள், மாமாக்கள் காலத்தில் இத்தனை ஆமைகள் நம் சாலைகளில் ஊர்ந்தன.

போன தீபாவளிக்கு அண்ணன் அறிவித்தார். "அப்பாவுக்கு 72 ஆச்சு. இந்தக் காடியில அவரை ஒரு தடவையாச்சும் பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போகணும். சரி பண்றோம்."

அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். "மேல் வேலை மட்டும் பாருங்க. பெயிண்ட் அடிங்க, சீட் மாத்துங்க, இஞ்சினைப் பாருங்க. பாடியை மட்டும் தூக்க வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. "அதெல்லாம் வீண் செலவு" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

ஆனால் மேருவில் பட்டறை வைத்திருக்கும் தவுக்கே வேறு மாதிரி சொன்னார். நாற்பது வருஷமாக ஆமைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பை ஒரு ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் காட்டினார். கேக்கில் கத்தி இறங்குவது போல உள்ளே போனது. "தூக்காம செஞ்சா, பிணத்துக்குப் பவுடர் போடற மாதிரி" என்றார் மலாயில். அப்பா ஒன்றும் பேசவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் ஓட்டும் மைவியிலோ சாகாவிலோ மேல் பாகத்தைத் தனியாகத் தூக்க முடியாது. உடம்பும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு அது. நம் தாத்தாக்களின் மோரிஸ் மைனர் கூட அப்படித்தான். பீட்டல் வேறு ரகம். கீழே தட்டையான ஒரு இரும்புத் தளம். அதன் நடுவில் முதுகெலும்பு போல ஒரு சுரங்கக் குழாய். சக்கரம், கியர்பாக்ஸ், பின்னால் இஞ்சின், பிரேக் பெடல், கியர் கம்பு எல்லாம் அந்தத் தளத்தோடு சேர்ந்தவை. நாம் 'காடி' என்று பார்ப்பது, அதன்மேல் கவிழ்த்து வைத்து முப்பதுக்குப் பக்கமான போல்ட்டுகளால் இறுக்கிய ஓடு. 1960களில் கலிபோர்னியா இளைஞர்கள் இந்த ஓட்டைக் கழற்றிவிட்டு, அந்தத் தளத்தைச் சுருக்கி, மேலே ஒரு ஃபைபர் தொட்டியை வைத்து மணல் மேடுகளில் ஓட்டினார்கள். பக்கி என்று நாம் படங்களில் பார்க்கும் வண்டிகள் பல அப்படிப் பிறந்தவைதான்.

கதவுக்குக் கீழே துருப்பிடித்திருந்த அந்த விளிம்புக்குப் பெயர் ஹீட்டர் சேனல். ஐரோப்பியக் குளிருக்காக, இஞ்சின் சூட்டைக் காற்றாக முன்னால் கொண்டுவரும் பொந்து. நம் ஊரில் அந்தச் சூடு யாருக்கு வேண்டும்? ஆனால் பொந்து மட்டும் இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வராது, உள்ளிருந்தே தின்னும். வண்டியின் பக்கவாட்டு வலுவே அதில்தான் இருக்கிறது. ஓட்டையும் தளத்தையும் பிரிக்காமல் அதை ஒழுங்காக மாற்ற முடியாது.

நான் நினைத்தது போல, போல்ட்டைக் கழற்றினோம் தூக்கினோம் என்பதல்ல வேலை. தவுக்கே முதலில் செய்தது கழற்றுவதை அல்ல, கட்டுவதை. இரண்டு கதவு வாசல்களிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தார். இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கும் இன்னொரு குழாய். விளிம்பு துருப்பிடித்த ஓட்டை அப்படியே தூக்கினால், அதுவரை தாங்கிய தளம் இல்லாமல் கதவு வாசலில் மடங்கிப்போகும். பிறகு எத்தனை செலவு செய்தாலும் கதவு சாத்தாது. குழாய் வைப்பதற்கு முன்பே கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நாலைந்து இடங்களில் அளந்து, சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்தார்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி தாங்கிப் பிடிக்கணும்" என்றார். பட்டறைப் பேச்சுதான். ஆனால் வானொலியில் குடும்ப ஆலோசனை நேரத்தில் இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் நான் மூன்று முறை திரும்பச் சொல்லியிருப்பேன்.

அடுத்த இரண்டு வார இறுதிகளும் கழற்றல் படலம். முதலில் மின்கலம், அடுத்து பெட்ரோல் தொட்டி. தீப்பிடிக்கக்கூடியவை முதலில் போக வேண்டும். நான்கு பிணைப்புகளைக் கழற்றினால் இஞ்சின் தள்ளுவண்டியில் இறங்கி நிற்கிறது. பிறகு கதவு, கண்ணாடி, முன்மூடி. ஸ்டீரிங் தண்டு, பிரேக் எண்ணெய்க் குழாய், வேகமானியின் கம்பி என்று மேலும் கீழும் இணைக்கும் ஒவ்வொன்றையும் பிரித்தாக வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொரு மின்கம்பியிலும் ஒட்டுத்தாள் சுற்றிப் பெயர் எழுதுவது. நான் 'வலது முன் விளக்கு', 'ஹாரன்' என்று அழகாகத் தமிழில் எழுதி முடித்தேன். தவுக்கே பார்த்துவிட்டு, "அப்போ திரும்ப மாட்டும்போதும் நீதான் வரணும்" என்றார். போல்ட்டுகளை எல்லாம் எந்த இடத்தினுடையவை என்று எழுதி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டோம்.

அந்த ஞாயிறு காலையில் பட்டறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் தயார். தவுக்கே, அவருடைய இரண்டு பையன்கள், அண்ணன், அண்ணனின் நண்பர் ஒருவர், ஆறாவதாக நான். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா மதியச் சாப்பாட்டோடு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

முன்னால் இருவர், பின்னால் இருவர், பக்கத்துக்கு ஒருவர். "பெலான்-பெலான். சத்து... டுவா... தீகா!"

ஓடு அசைந்தது. முன்பக்கம் ஒரு சாண் எழுந்தது. பின்னால் இடது பக்கமும் எழுந்தது. வலது பின் மூலை மட்டும் வரவில்லை. "இறக்கு, இறக்கு!" என்று கத்தினார் தவுக்கே. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு போல்ட்டை மறந்துவிட்டுத் தூக்கினால் ஓடு முறுக்கிக்கொள்ளும்.

தவுக்கே பாட்டில்களைக் கொட்டி எண்ணினார். எல்லாம் இருந்தன. முன் அச்சின் மேல் இருப்பவை, பின்சீட்டுக்கு அடியில் இருப்பவை, பின் ஷாக் பக்கத்தில் மேலே மறைந்திருப்பவை, மறதியாக விட்டுவிடும் எல்லா இடங்களையும் விளக்கடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு முறை. அந்த மூலை மட்டும் அசையவே இல்லை. "பேயா இருக்குமோ?" என்றான் தவுக்கேயின் சின்னப் பையன்.

"அங்க நான் ஒட்டின தகரம் இருக்கு."

அப்பாதான். எழுந்து நின்றிருந்தார்.

வலது பின்சீட்டுக்கு அடியில் கெட்டியாகத் தார் பூசியிருந்தது. எல்லோரும் அது தண்ணீர் புகாமலிருக்கப் பூசியது என்றே நினைத்திருந்தோம். தவுக்கே உளியால் சுரண்டச் சுரண்ட, கீழே வரிசையாக ரிவெட்டுகள். தளத்தையும் ஓட்டின் விளிம்பையும் சேர்த்துத் தைத்தது போல ஒரு தகரம். இன்னும் சுரண்டினால் ஒரு தென்னைமரப் படம் தெரிந்தது. சமையல் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து அடித்த தகரம். அதன்மேல் ஒரு பலகைத் துண்டு. பலகையின்மேல்தான் இத்தனை வருஷமும் மின்கலம் உட்கார்ந்திருந்தது. தகரத்தை எடுத்ததும், தளத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகப் பட்டறையின் சிமென்ட் தரை தெரிந்தது.

பீட்டலின் மின்கலம் இருப்பது வலது பின்சீட்டுக்கு அடியில். அமிலம் கசிந்து அந்தத் தளத்தைத் தின்பது இந்த வண்டியின் பிறவி நோய். ஆபத்து இன்னொன்றும் உண்டு. மின்கலத்துக்கு மூடி இல்லாமல், கனமான ஆள் சீட்டில் உட்கார்ந்தால், சீட்டின் கம்பிச் சுருள் மின்கல முனையில் பட்டுத் தீப்பொறி வரும். சீட்டுக்குள் இருப்பது நார். மேலே எதையும் எழுதத் தேவையில்லை. உங்கள் வீட்டில் இந்த வண்டி இருந்தால், இந்தப் பத்தியை முடிப்பதற்குள் போய் மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்பா மெதுவாகச் சொன்னார். 1998. பொருளாதாரம் படுத்திருந்த நேரம். அவர் வேலை பார்த்த இடத்தில் ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. காடித் தளம் உளுத்துவிட்டது என்று தெரிந்து, அம்மா கூட்டுப் பணம் எடுத்து 600 வெள்ளி கொடுத்திருக்கிறார், கடையில் விட்டுப் பற்றவைக்கச் சொல்லி. வீட்டுத் தவணை இரண்டு மாதம் நின்றிருந்தது. பணம் அங்கே போய்விட்டது. அப்பா நண்பர் வீட்டுக் கொல்லையில் வண்டியை நிறுத்தி, ஒரு சனிக்கிழமை முழுக்கத் தானே தகரம் அடித்து, தார் காய்ச்சிப் பூசி, மாலையில் வீட்டுக்கு வந்து, "கடையில நல்லா செஞ்சிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"அடுத்த மாசம் செஞ்சிடலாம், அடுத்த மாசம் செஞ்சிடலாம்னு இருந்தேன்ம்மா. ஆறு வருஷம் ஓடிப்போச்சு. உங்களை அந்த ஓட்டை மேல உட்கார வச்சு ஓட்டினேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கும் தொண்டை வரை வந்தது. மைக் முன்னால் நாலு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவளுக்கு, அன்றைக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல். சாப்பாட்டுப் பையோடு எப்போது வந்து நின்றாரோ.

"கடையில செஞ்ச வேலைக்கு உங்க சட்டையில எப்படிங்க தார் ஒட்டிச்சு?"

அப்பா திரும்பினார்.

"அந்தச் சட்டையைத் துவைச்சது யாரு? மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகலை. கிழிச்சுக் கைப்பிடித் துணி ஆக்கினேன். மறுநாள் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதனாலதானே பிள்ளைங்க ரெண்டையும் இடது பக்கம் நெருக்கி உட்காரச் சொன்னேன்?"

வாசகர்களே, 28 வருஷம். ஒருவர் மறைத்திருக்கிறார். இன்னொருவர், தெரிந்ததை மறைத்திருக்கிறார். நடுவில் நாங்கள் இருவரும் 'அம்மாவுக்குச் சந்தைப் பைமேலதான் பாசம்' என்று குறை சொல்லிக்கொண்டு வளர்ந்திருக்கிறோம். ஏன் கேட்கவில்லை என்று அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். "கேட்டா அவர் என்ன பதில் சொல்வாரு? வேலை செஞ்சு வந்த மனுஷன்" என்றார். இது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டிருந்தால் வண்டியை ஒரு மாதம் நிறுத்தியாவது இருக்கலாம். ஏதாவது நடந்திருந்தால்? இதை அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, அதுவும்தான்" என்றார். அவ்வளவுதான்.

ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. இந்த முறை "தீகா" என்றதும் ஓடு முழுசாக எழுந்தது. நாங்கள் கியர் கம்புக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்க, தவுக்கேயின் பெரிய பையன் தளத்தைச் சக்கரத்தோடு வெளியே உருட்டினான். ஓட்டை மரச்சட்டங்களின்மேல் இறக்கினோம். தவுக்கே உடனே அளவுகோலோடு கதவு வாசலுக்குப் போனார். சுவரில் எழுதியிருந்த எண்ணும் இதுவும் ஒன்றே. குழாய்கள் தாங்கிவிட்டன.

வெளியே வெயிலில் அந்தத் தளம் நின்றது. பெடல் இருக்கிறது, கியர் இருக்கிறது, கைப்பிரேக் இருக்கிறது. ஸ்டீரிங் இல்லை, கூரை இல்லை. அப்பா முதலில் கேட்டது, "நம்பர் இருக்கா?"

அது ரொம்ப முக்கியமான கேள்வி. இந்த வண்டியின் சேசிஸ் எண் அடிக்கப்பட்டிருப்பது ஓட்டில் இல்லை. தளத்தின் நடுக்குழாயில், பின்சீட்டுக்கு அடியில். ஊருக்கெல்லாம் தெரிந்த காடி மேலே இருக்கும் ஓடுதான். ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகா அடையாளம் பார்ப்பது கீழே இருக்கும் அந்த எண்ணை வைத்து. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அண்ணன் கிராண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். சரியாக இருந்தது. துரு அதற்கு நாலு விரல் தள்ளி நின்றிருந்தது.

தவுக்கே ஒரு மலிவான வழி சொன்னார். பழைய இரும்புக் கடையில் வேறொரு பீட்டலின் நல்ல தளம் கிடைக்கும், நம் ஓட்டை அதன்மேல் வைத்துவிடலாம், வேலை பாதி மிச்சம். "ஆனா அப்போ சட்டப்படி அது உங்க காடி இல்ல. அடுத்தவன் காடிக்கு உங்க சட்டை. நம்பரை வெட்டி ஒட்டற வேலையை நான் செய்ய மாட்டேன், அது குற்றம்" என்றும் அவரே சொன்னார். இன்னொரு வழி, நடுக்குழாயை அப்படியே வைத்துக்கொண்டு, இடது வலது தளத் தகடுகளை மட்டும் புதிதாகப் பற்றவைப்பது. செலவு அதிகம், நாளும் அதிகம். நாங்கள் மூவரும் அப்பாவைப் பார்த்தோம். "நடுவுல இருக்கிறது நல்லாத்தானே இருக்கு. அதை வச்சிக்குவோம்" என்றார்.

பழைய வண்டியைச் சீர்படுத்த நினைக்கும் இளைஞர்களுக்கு மூன்றே வரி. பெயிண்டில் ஆரம்பிக்காதீர்கள், அடியில் ஆரம்பியுங்கள். வாங்கும் முன் சேசிஸ் எண்ணையும் கிராண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிப்பதற்கு முன் தாங்கிப் பிடியுங்கள்.

மூன்றாவது வரி காடிக்கு மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று அப்பா எழுந்து நின்று சொன்னபோது, நாங்கள் அவரைச் சுற்றி நின்றிருந்தோம். அம்மா சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தார். தகரம் பிரிந்தது, மனிதர் மடங்கவில்லை.

மதியம் எல்லோரும் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவைக் காணோம். வெளியே அந்த வெறும் தளத்தில், ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கால் கிளட்சில். கை கியரில். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டிருந்தார். நான் படம் எடுக்கவில்லை.

இப்போது புதுத் தகடுகள் ஏறிவிட்டன. மின்கலத்துக்கு முறையான மூடியும் வாங்கியாயிற்று. ஓடு திரும்ப உட்கார இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். பத்துமலைக்குப் போகும் நாளில் யார் எங்கே உட்காருவது என்று வீட்டில் இப்போதே பேச்சு. அண்ணன் மகள் வலது பக்க ஜன்னல் தனக்கு வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

அம்மா சொல்லிவிட்டார். "முதல்ல நான் உட்கார்ந்து பார்க்கறேன். அப்புறம் நீ."